தில்லிக் குளிரா, தில்லி வெயிலா? ஓடுகிற, நடக்கிற ஆட்கள் வந்து சொல்லுங்கள்

மதுரை டு முனிர்க்கா | ஜனவரி 5, 2025, காலை 8:10

எல்லோருக்கும் வணக்கம். போன மே கடைசியில் நிஜாமுதீன் ஸ்டேஷனில் வந்து இறங்கியவன் நான். இறங்கிய வாரத்திலேயே தில்லி முங்கேஷ்பூரில் 52.9 டிகிரி என்று டிவியில் ஓடியது. அம்மா போன் போட்டு, "வேலைக்குப் போனியா, அடுப்புக்குள்ள போனியா?" என்று கேட்டாள். அதற்குப் பழகினேன். ஜூலைப் புழுக்கத்துக்கும் பழகினேன். நவம்பர்ப் புகைக்குப் பழகவில்லை, பழகவும் வேண்டாம். இப்போது குளிரில் வந்து மாட்டியிருக்கிறேன்.

ஊரில் தினமும் தெப்பக்குளத்தைச் சுற்றி ஓடுகிற ஆள் நான். இன்றைக்குக் காலை ஆறு மணிக்கு ஜேஎன்யூ பல்கலைக்கழகம் பக்கம் ஓடலாம் என்று கிளம்பினேன். ஷூ லேஸ் கட்ட விரல் மடங்கவில்லை. படியில் உட்கார்ந்து கையைக் கக்கத்தில் வைத்துச் சூடாக்கி, அப்புறம்தான் கட்ட முடிந்தது. தெருவுக்கு வந்தால் எதிரே வரும் பால் வண்டி தெரியவில்லை, ஹாரன் மட்டும் கேட்கிறது. ரெண்டு கிலோமீட்டரில் தொண்டை எரிந்து திரும்பிவிட்டேன். மீசையில் தண்ணீர் சொட்டியது. வியர்வை இல்லை, பனி.

கூட இருக்கும் ஹரியானாக்காரன், இதுதான் தில்லியின் நல்ல காலம், வெளியே போ என்கிறான். எனக்கென்னவோ மே மாதமே தேவலை என்று தோன்றுகிறது. உங்களுக்கு எது பிடிக்கும்? வெளியே போய் என்ன செய்கிறீர்கள், எந்த நேரத்தில்?

கரோல்பாக் மாமி | ஜனவரி 5, காலை 9:25

ஆறு மணிக்கு எழுந்திருக்கச் சொல்லி உன்னிடம் யார் அழுதார்கள்?

1983-ல் கல்யாணமாகி இங்கே வந்தேன். முதல் குளிருக்கு ரஜாயை, அதாவது பஞ்சு வைத்த போர்வையை, விட்டுத் தலையை நீட்டவில்லை, அழுதுகொண்டே இருந்தேன். ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பாட்டி கையைப் பிடித்து மொட்டை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். மணி பதினொன்று இருக்கும். கயிற்றுக் கட்டிலில் நாலு பெண்கள் முதுகை வெயிலுக்குக் காட்டியபடி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்கள். என் மடியிலும் ஒரு குவியல் கொட்டி, உரி என்று சைகை காட்டினாள். ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது எனக்கு. அரை மணி நேரத்தில் தோளிலிருந்து ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. கும்பகோணத்தில் வெயில் என்றால் வடாம் காய வைக்கத்தான். மனுஷி போய் நின்றால், "கறுத்துப் போவாய், உள்ளே வா" என்பார்கள்.

நம் ஊரில் நெருப்புப் பக்கத்தில் உட்கார்ந்து குளிர் காய்வார்கள். இங்கே வெயில் காய வேண்டும், பதினொன்றிலிருந்து மூன்று வரை. குளிர்காலம் பிடிக்கும் என்று சொல்கிற தில்லிக்காரர்கள் எல்லாருமே அந்த நாலு மணி நேர வெயிலைத்தான் சொல்கிறார்கள். உன் ஹரியானாக்காரனைக் கேட்டுப் பார், காலை ஆறு மணிக்கு அவன் எங்கே இருந்தான் என்று.

மதுரை டு முனிர்க்கா | ஜனவரி 5, காலை 9:31

தூங்கிக்கொண்டிருந்தான் மாமி. இப்போதும் தூங்குகிறான்.

சும்மா வந்தவன் | ஜனவரி 5, காலை 10:02

மாமி, எங்கள் ஆபீஸில் பதினொன்றிலிருந்து மூன்று வரைதான் மீட்டிங். முதுகு காய வேண்டும், அப்புறம் வருகிறேன் என்று மேனேஜரிடம் சொல்லலாமா?

கரோல்பாக் மாமி | ஜனவரி 5, காலை 10:20

என் வீட்டுக்காரர் யாரிடமும் சொல்லாமலே முப்பது வருஷம் காய்ந்தார். மதியம் போனால் மொத்த செக்ஷனும் புல்வெளியில்தான் இருக்கும். ஆரஞ்சுத் தோல் அம்பாரமாகக் கிடக்கும். ஃபைல் மட்டும் உள்ளே குளிரில் கிடக்கும்.

அதிகாலை ஓட்டம் | ஜனவரி 5, மதியம் 12:45

பன்னிரண்டு வருஷமாக இங்கே ஓடுகிறேன். என் ஓட்டு குளிருக்கு, ஆனால் ஒரு நிபந்தனையோடு.

தம்பி, உன் தொண்டை எரிந்ததற்குக் குளிர் பாதிதான் காரணம். குளிர்கால ராத்திரியில் தரை சீக்கிரம் ஆறிவிடும். தரையை ஒட்டிய காற்று கனத்துக் கீழேயே கிடக்கும். அதற்கு மேலே கொஞ்சம் சூடான காற்று பானைக்கு மூடி போட்ட மாதிரி உட்கார்ந்துவிடும். வண்டிப் புகை, செங்கல் சூளைப் புகை, காவல்காரர் எரிக்கிற டயர் துண்டு எல்லாம் அந்த மூடிக்கு அடியில்தான். வெயில் ஏறித் தரை சூடாகி மூடி திறக்கப் பத்து, பதினொன்று ஆகிவிடும். ஊரில் அதிகாலைக் காற்று சுத்தமானது என்று சொல்லி வளர்த்தார்கள் இல்லையா, ஜனவரித் தில்லிக்கு அது அப்படியே தலைகீழ். மாமி சொல்கிற மணி சும்மா வந்ததில்லை.

நான் வைத்திருக்கும் கணக்கு: ஏக்யூஐ என்கிற காற்றுத் தரக் குறியீடு 200 வரை ஓட்டம், 300 வரை நடை, அதற்கு மேல் வீட்டுக்குள் கயிறு தாண்டுதல். டாக்டர் இதையே அதிகம் என்பார். போன நவம்பர் 18 அன்று 490-ஐத் தாண்டியதே, அளவுகோலே 500-ல் முடிந்துவிடுகிறது. தில்லி ஹாஃப் மாரத்தான் முன்பெல்லாம் நவம்பரில் நடக்கும். இப்போது அக்டோபருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

உடுப்பு விஷயத்தில் எல்லோரும் செய்கிற தப்பை நானும் செய்தேன். முதல் வருஷம் காட்டன் பனியன், அதன் மேல் கம்பளி ஸ்வெட்டர், மேலே ஜாக்கெட். நேரு பார்க்கில் மூன்றாவது சுற்றில் பனியன் நனைந்து, நின்றதும் முதுகில் ஐஸ் வைத்த மாதிரி ஆகி, ஒரு வாரம் காய்ச்சல். காட்டன் வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். உடம்பை ஒட்டிப் போடுவது சீக்கிரம் காய்கிற துணியாக இருக்க வேண்டும். மெல்லிசாக ரெண்டு அடுக்கு, கையுறை, காதை மூடுகிற பட்டி. வாசலில் நிற்கும்போது கொஞ்சம் குளிர வேண்டும். அங்கேயே கதகதப்பாக இருந்தால் நீ அதிகம் போட்டிருக்கிறாய்.

டிகிரி பார்ப்பவன் | ஜனவரி 5, மாலை 6:15

52.9 பற்றி ஒரு வார்த்தை. அந்தத் தானியங்கிக் கருவி கிட்டத்தட்ட 3 டிகிரி கூடுதலாகக் காட்டியது என்று வானிலைத் துறையே பிறகு சொல்லிவிட்டது. கழித்தாலும் 49-க்கு மேல் வருகிறது, அது வேறு விஷயம். தில்லியின் முக்கிய வானிலை நிலையமான சஃப்தர்ஜங்கில் இதுவரை பதிவான அதிகபட்சம் 47.2 டிகிரி, 1944 மே 29-ல். குளிர்ப் பக்கம் 2006 ஜனவரி 8 அன்று அதே சஃப்தர்ஜங்கில் 0.2 வரை இறங்கியது.

ஆனால் குறைந்தபட்ச வெப்பநிலை என்பது அதிகாலையில் நாம் தூங்கும்போது வந்துவிட்டுப் போகிற விருந்தாளி. நம்மை வாட்டுவது பகல் வெப்பநிலை ஏறாத நாள். 2019 டிசம்பர் 30 ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்குப் பகலின் உச்சமே 9.4 டிகிரி. மூடுபனி விலகாமல் நாள் முழுக்கச் சூரியன் ஒரு நசுங்கிய அலுமினியத் தட்டு மாதிரித் தெரிந்தது. மாமியின் நாலு மணி நேரம் அந்த வாரம் கிடையாது.

கரோல்பாக் மாமி | ஜனவரி 5, இரவு 7:00

ஞாபகமில்லாமல் என்ன? அந்த வாரம் இட்லி மாவு மூன்று நாள் பொங்கவில்லை.

துவாரகா சைக்கிள் | ஜனவரி 6, இரவு 9:40

கோடைக் கட்சிக்கு இங்கே ஒரு ஓட்டுகூட விழாதா? நான் போடுகிறேன்.

ஜனவரியில் தில்லியில் சூரியன் எழுவது 7:15. ஜூனில் 5:25. அதாவது ஆபீஸ் போகிறவனுக்கு ஜூன் மாதம் தினமும் ரெண்டு மணி நேரம் இலவசமாகத் தருகிறது. நாலே முக்காலுக்குக் கிளம்பி, துவாரகாவிலிருந்து தௌலா குவான் வழியாக இந்தியா கேட். சாலை காலி. குளிர்காலம் மாதிரிப் புகை கிடையாது, புழுதிக் காற்று வராத நாளாகப் பார்த்தால் போதும். மே கடைசியில் அம்ரிதா ஷேர்கில் மார்க்கில் சைக்கிளை நிறுத்திப் பாருங்கள். ரெண்டு பக்கமும் சரக்கொன்றை. காற்றடித்தால் மஞ்சள் மழை, தலையில், சைக்கிள் கூடையில், ஹெல்மெட் ஓட்டைக்குள்கூட. 45 டிகிரி வெயில் இல்லாமல் அந்த மஞ்சள் இல்லை.

மே வெயில் வறண்ட வெயில். வியர்வை உடனே ஆவியாகும், உடம்பு ஆறும். சென்னையில் 38-ல் ஓடியவனுக்கு இங்கே காலை 30 ஒன்றுமே இல்லை.

அதற்காக வீரம் பேசக்கூடாது. ரெண்டு வருஷம் முன் ஜூனில், பஞ்சர் ஒட்டிக் கிளம்ப எட்டரை ஆகிவிட்டது. வீட்டுக்குத்தானே, மெதுவாகப் போகலாம் என்று மிதித்தேன். பாலம் என்கிற ஏரியாவைத் தாண்டியதும் வியர்வை நின்றுவிட்டது. "பரவாயில்லையே, வியர்க்கவில்லை" என்று நினைத்தேன், முட்டாள். அடுத்த ஐந்து நிமிஷத்தில் அந்த வெயிலில் எனக்குப் புல்லரித்தது. கடை வாசலில் வரிசையாக மண்பானை வைத்திருந்த ஒருவர் என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. சைக்கிளைப் பிடுங்கி ஓரமாகச் சாய்த்துவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றினார், இன்னொன்றைக் கழுத்தில். அதற்கு அப்புறம்தான் பேர் கேட்டார். இப்போதெல்லாம் ஏழரைக்கு மேல் சைக்கிளைத் தொடமாட்டேன். கோடை தொடங்கும்போது உடம்புக்குப் பத்துப் பதினைந்து நாள் கொடுத்து, தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறேன்.

அதிகாலை ஓட்டம் | ஜனவரி 6, இரவு 10:05

மே சரி. ஜூலை?

துவாரகா சைக்கிள் | ஜனவரி 6, இரவு 10:09

ஜூலையைப் பற்றிப் பேசக்கூடாது. ஜூலையில் கூலரே தோற்றுவிடுகிறது, நான் எம்மாத்திரம்.

ஜங்புரா பையன் | ஜனவரி 7, இரவு 11:50

படித்துக்கொண்டே வந்தேன். தப்பாக நினைக்காதீர்கள், எனக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது.

நான் மதராசி கேம்ப் என்கிற குடிசைப் பகுதியில் பிறந்தவன். பாரபுல்லா நாலா என்கிற சாக்கடைக் கால்வாய் ஓரம், விழுப்புரம் பக்கத்து ஆட்கள் நிறைய. எங்கள் வீட்டுக் கூரை தகரம். மே மாதம் உள்ளே உட்கார முடியாது, ஜனவரியில் வெளியே உட்கார முடியாது. அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். குளிர்காலத்தில் விரல் முட்டியெல்லாம் வெடித்து, ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவப் போனால் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாக உறைந்திருக்கும். ஸ்டவ் பக்கத்தில் வைத்து உருக்குவது என் வேலை. அம்மாவைக் கேட்டால் கோடை என்பாள், கண்ணை மூடிக்கொண்டு. தண்ணீர் சுடும், ஆனால் கை வெடிக்காது.

எனக்கும் கோடைதான், வேறு காரணத்துக்கு. 2010-ல் தலைக்கு மேலே பாரபுல்லா மேம்பாலம் வந்தது. அதன் நிழல்தான் எங்கள் ஸ்டேடியம். வெளியே 44 டிகிரி எரியும், பாலத்தடியில் மத்தியானம் பூரா கிரிக்கெட். ரெண்டு தூணுக்கு நடுவில் பிட்ச். தூணில் பட்டால் அவுட்டா இல்லையா என்று இன்றைக்கு வரை தீரவில்லை. வெயிலில் விளையாடினால் ஆரோக்கியம், குளிரில் விளையாடினால் ஆரோக்கியம் என்றெல்லாம் யாரும் சொன்னதில்லை. லீவு இருந்தது, நிழல் இருந்தது, விளையாடினோம்.

கரோல்பாக் மாமி | ஜனவரி 8, காலை 8:40

வேடிக்கையாக இருந்தால் சிரி, தப்பே இல்லை. என் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவளுக்கு கீசர் தண்ணீர் திறந்துவிடுகிறேன். ஆனால் எத்தனை வருஷம் கழித்து அது எனக்குத் தோன்றியது என்று இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

பெங்களூர்க்காரி | ஜனவரி 8, காலை 11:15

ஏன் இத்தனை கஷ்டம்? இங்கே வந்துவிடுங்கள். வருஷம் முழுக்க ஒரே ஒரு மெல்லிய ஸ்வெட்டர், அதையும் பாதி நாள் இடுப்பில்தான் கட்டியிருப்பேன்.

சும்மா வந்தவன் | ஜனவரி 8, காலை 11:18

காலநிலை நன்றாகத்தான் இருக்கிறது. அதை அனுபவிக்க டிராஃபிக்கிலிருந்து எப்போது இறங்குகிறீர்கள்?

ஒக்லாக் கரை | ஜனவரி 9, இரவு 8:30

ஓடாமல், மிதிக்காமல், சும்மா நிற்கிற ஆள் நான். என் பொழுதுபோக்குக்குக் குளிர்காலம் மட்டும்தான். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஒக்லா பறவைகள் சரணாலயத்தில், தடுப்பணைக்குப் பக்கத்தில் யமுனை பரந்து நிற்கிற இடத்தில், வடக்கேயிருந்து வருகிற வாத்துகள். ஊசிவால் வாத்து, மண்வெட்டி மாதிரி அலகு உள்ள ஆண்டி வாத்து. தண்ணீரில் நாற்றம் உண்டு, நுரை உண்டு. வாத்துக்கு அதைப் பற்றிக் கவலை இருக்கிற மாதிரித் தெரியவில்லை.

எனக்கு எப்போதும் தோன்றுவது இது. தலையில் ரெண்டு கறுப்புப் பட்டை போட்ட வரித்தலை வாத்து, இமயமலைக்கு மேலே பறந்து வருகிற பறவை, வட இந்தியாவிலும் தங்குகிறது, அப்படியே தெற்கே எங்கள் திருநெல்வேலி கூந்தன்குளம் வரைக்கும் போகிறது. சின்ன வயதில் அங்கே பார்த்த பறவையை இங்கே பார்த்தபோது, இதற்கும் வேலை மாற்றலாகிவிட்டதா என்று நினைத்தேன்.

நிற்கிற ஆளுக்கு ஓடுகிற ஆளின் உடுப்பு போதாது. கால் வழியாகத்தான் குளிர் ஏறும். ரெண்டு ஜோடி சாக்ஸ், தடித்த அடி வைத்த ஷூ, ஃபிளாஸ்க்கில் சுக்குக் காபி. அதிகாலை மூடுபனியில் ஒன்றும் தெரியாது, ஒன்பதரைக்கு மேல் வாருங்கள். முனிர்க்கா தம்பி, 19-ம் தேதி ஞாயிறு நான் அங்கே இருப்பேன். மெட்ரோ ஸ்டேஷனே அந்தப் பெயரில் இருக்கிறது.

மதுரை டு முனிர்க்கா | ஜனவரி 13, இரவு 11:20

இன்றைக்கு ஒரு சந்தோஷம். காலையில் ஊருக்குப் போன் போட்டேன், போகி, பழைய பாயை எரித்துக்கொண்டிருந்தார்கள். ராத்திரி இங்கே கீழ்த்தெருவில் பஞ்சாபிகளின் லோஹ்ரிப் பண்டிகை, அதே மாதிரி நெருப்பு. வேர்க்கடலையையும் பொரியையும் அதில் போட்டுவிட்டு, மிச்சத்தை என் கையில் திணித்தார்கள். முகம் வெந்தது, முதுகு விறைத்தது. திரும்பி நின்றேன், முதுகு வெந்தது, முகம் விறைத்தது. தோசை மாதிரி ஒரு மணி நேரம் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

தெருமுனை வேர்க்கடலை வண்டியில் கடலைக் குவியல் உச்சியில் ஒரு சின்ன மண்சட்டியில் கங்கு வைத்துப் புகைய விட்டிருந்தார். சாம்பிராணியா என்று கேட்டேன். கடலை சூடாக இருப்பதற்காம்.

நாளைக்குப் பொங்கல். மாமி, மாவு பொங்குவதைப் பற்றிச் சொல்லாமலே போய்விட்டீர்களே? என் மாவும் ரெண்டு நாளாகச் சும்மா கிடக்கிறது.

கரோல்பாக் மாமி | ஜனவரி 14, காலை 6:05

பொங்கல் வாழ்த்துகள். பால் பொங்க இந்தக் குளிரில் நேரமாகும், பதறாதே.

மாவுக்கு: மே மாதம் நாலு மணி நேரத்தில் புளித்து ஃபிரிட்ஜுக்கு ஓட வேண்டிய அதே மாவுதான். இப்போது வெந்தயத்தைக் கூட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் அரை, கையால் நன்றாகக் கலக்கு, கரண்டி வேண்டாம். பாத்திரத்தை மூடி, பெரிய குக்கருக்குள் கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர் ஊற்றி அதில் இறக்கு. அதை அப்படியே ரஜாயில் சுற்றி மூலையில் வை. எங்கள் வீட்டில் ஜனவரி முழுக்க ஒரு ரஜாய் மாவுக்கு, மற்றதுதான் மனுஷாளுக்கு. அவசரமென்றால் மைக்ரோவேவுக்குள் ஒரு டம்ளர் கொதிநீரும் மாவும் சேர்த்து வைத்துக் கதவை மூடு, மெஷினைப் போட்டுவிடாதே. எல்லாம் செய்தும் பதினாறு மணி நேரம் ஆகும். அடிக்கடி திறந்து பார்க்கக்கூடாது.

இன்னொன்று. மார்கழி போய்விட்டது, இருந்தாலும் அடுத்த வருஷத்துக்குச் சொல்கிறேன். இங்கே இருக்கிற முருகன் கோவில் மலை மந்திருக்கு விடிகாலையில் போனால் செருப்பைக் கழற்றிய பிறகு அந்தக் கல் தரை இருக்கிறதே, முருகா என்று தானாக வரும். சாக்ஸ் போட்டுக்கொண்டு வா, கோபித்துக்கொள்ளமாட்டார். பழநியில் ஆண்டியாக நின்றவருக்குக் குளிர் தெரியாதா என்ன?

மதுரை டு முனிர்க்கா | ஜனவரி 19, இரவு 9:15

பொங்கிவிட்டது மாமி, பதினெட்டு மணி நேரத்தில். ஒக்லாவும் போனேன். ரெண்டு மணி நேரம் அசையாமல் நின்றதே எனக்கு முதல் தடவை. சாக்ஸ் ஒரு ஜோடிதான் போட்டிருந்தேன், தப்பு. அந்த அண்ணன் பைனாகுலரைக் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் நின்றார். சுக்குக் காபியில் கருப்பட்டி போட்டிருந்தார், அதைப் பற்றிக் கேட்டதும் அரை மணி நேரம் பேசினார்.

பதினொன்றரைக்கு வெயில் வந்தது. வெயில் ஏன் இங்கே வேறு மாதிரி விழுகிறது? உச்சி வேளையிலும் என் நிழல் நீளமாகவே கிடக்கிறது.

டிகிரி பார்ப்பவன் | ஜனவரி 20, காலை 7:50

கண் கூர்மை. மதுரை கிட்டத்தட்ட 10 டிகிரி வட அட்சம், தில்லி 28.6. டிசம்பர் கடைசியில் உச்சி வேளைச் சூரியன் மதுரையில் அடிவானத்திலிருந்து சுமார் 57 டிகிரி உயரத்தில் நிற்கும். தில்லியில் 38 தான். வெயில் சாய்வாக விழுவதால் நிற்கிற ஆளின் முதுகு முழுக்க வாங்கிக்கொள்ளும், உச்சந்தலை தப்பிக்கும். ஜூனில் இதே தில்லியில் 85-க்குப் போய்விடும், தலைக்கு நேர் மேலே.

வீடு பார்க்கும்போது இது உதவும். தெற்குப் பார்த்த பால்கனி இருந்தால் குளிர்காலத்தில் வெயில் வீட்டுக்குள் கட்டில் வரை வரும். கோடையில் மேல்மாடித் தளமே அதை மறைத்துவிடும். மேற்குப் பார்த்தது மட்டும் வேண்டவே வேண்டாம். ஜூன் சாயங்காலம் சுவரில் அப்பளம் சுடலாம்.

அதிகாலை ஓட்டம் | பிப்ரவரி 17, காலை 6:10

எல்லோரும் எழுந்துவிட்டீர்களா?

மதுரை டு முனிர்க்கா | பிப்ரவரி 17, காலை 6:14

எழவில்லை, எழுப்பிவிட்டது. 5:36-க்குக் கட்டில் ஆடியதும், ஹரியானாக்காரன்தான் உதைக்கிறான் என்று நினைத்தேன். அவன் எனக்கு முன்னாடியே தெருவில் நிற்கிறான், ஒரு காலில் என் செருப்பு.

டிகிரி பார்ப்பவன் | பிப்ரவரி 17, காலை 6:40

ரிக்டர் 4.0. மையம் தௌலா குவான் பக்கம், அதனால்தான் உங்களுக்கெல்லாம் இப்படி உறுமியது.

மதுரை டு முனிர்க்கா | பிப்ரவரி 17, காலை 8:25

எப்படியும் எழுந்தாயிற்று என்று ஷூவை மாட்டினேன். விரல் மடங்கியது! சஞ்சய் வனம் வரை போய்ச் சுற்றிவிட்டு வந்தேன். ஏழு கிலோமீட்டர், கையுறை பாக்கெட்டிலேயே இருந்தது. இலவ மரம் ஒன்றில் இலையே இல்லாமல் சிவப்பாக நாலைந்து பூ. தொண்டை எரியவில்லை.

இதற்கு என்ன பெயர்? குளிரும் இல்லை, வெயிலும் இல்லை.

ஒக்லாக் கரை | பிப்ரவரி 17, காலை 9:00

பின்பனி. மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே. ஊரில் அது வெறும் மனப்பாடம்தான், மாசியில் திருநெல்வேலியில் விசிறி தேட ஆரம்பித்துவிடுவோம். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறையும் உடம்பில் தனித்தனியாக நான் உணர்ந்தது தில்லிக்கு வந்த பிறகுதான். சீக்கிரம் அனுபவி, அதிகம் போனால் அஞ்சு வாரம். என் வாத்துகள் கிளம்ப ஆரம்பித்துவிட்டன.

துவாரகா சைக்கிள் | பிப்ரவரி 17, காலை 9:12

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கோடைக் கட்சி என்று சொன்னாலும் வருஷத்தில் நான் அதிக கிலோமீட்டர் மிதிப்பது பிப்ரவரிக் கடைசியிலும் அக்டோபர் முதல் வாரங்களிலும்தான். சரக்கொன்றைக்காக மட்டும் கட்சியில் இருக்கிறேன்.

மதுரை டு முனிர்க்கா | ஜூன் 15, இரவு 10:30

இழையை எழுப்புவதற்கு மன்னிக்கவும். எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? மே மாதம் ஏமாற்றிவிட்டது, ராத்திரியெல்லாம் இடி, மரம் விழுந்து சாலை அடைப்பு. தில்லியில் பதிவானதிலேயே அதிக மழை பெய்த மே அதுதானாம். அதற்கும் சேர்த்து இப்போது ஜூன் வாங்குகிறது. நாலே முக்காலுக்கு ஓடுகிறேன், ஆறுக்குள் வீடு. இன்றைக்கு இந்தியா கேட் பக்கத்துக் கர்தவ்ய பத் சாலையில் நாவல் மரத்தடியில் துணியை நாலு பேர் நாலு மூலையில் பிடித்திருந்தார்கள். மேலே ஒருவன் கிளையை உலுக்கினான். நின்று வாங்கித் தின்றேன். நாக்கு இன்னும் ஊதாவாக இருக்கிறது.

ஜங்புரா அண்ணா, உங்களைத்தான் காணவில்லை.

ஜங்புரா பையன் | ஜூன் 16, இரவு 12:20

இருக்கிறேன். கேம்ப் இப்போது இல்லை. ஜூன் 1-ம் தேதி இடித்தாயிற்று, செய்தியில் பார்த்திருப்பீர்கள். எங்களுக்கு நரேலாவில் வீடு கிடைத்தது, கிடைக்காதவர்கள் நிறைய. அம்மாவுக்கு வேலை செய்த வீடுகளெல்லாம் ஜங்புராவில். ஒரு பக்கம் போகவே ரெண்டு மணி நேரம் ஆகிறது, ரெண்டு வீட்டை விட்டுவிட்டாள்.

நாலாம் மாடி. தகரம் இல்லை, நிஜக் கூரை. பால்கனியில் நின்றால் தூரத்தில் வயல் தெரிகிறது. பசங்களுக்கு இங்கே பாலம் கிடையாது, மத்தியானம் யாரும் வெளியே வருவதில்லை.

கரோல்பாக் மாமி | ஜூன் 16, காலை 6:30

பால்கனி எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது?

ஜங்புரா பையன் | ஜூன் 16, காலை 7:10

தெற்கு மாமி. படுக்கிற அறை ஜன்னல் மேற்கு.

கரோல்பாக் மாமி | ஜூன் 16, காலை 7:25

தெற்கை டிசம்பரில் பார்த்துக்கொள்ளலாம், பட்டாணி நான் கொண்டு வருகிறேன். மேற்கு ஜன்னலுக்கு இன்றைக்கே வெட்டிவேர்த் தட்டி வாங்கிக் கட்டு. அளவைவிட அரை அடி நீளமாக வாங்கு, நனைந்து காய்ந்தால் சுருங்கும். மூன்று மணிக்கு ஒரு தடவை, அஞ்சு மணிக்கு ஒரு தடவை தண்ணீர் தெளித்தால் போதும். மழைக்காலம் தொடங்கியதும் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் பூசணம் பிடிக்கும்.

அம்மா நம்பரைத் தனிச் செய்தியில் அனுப்பு.